பின்வாசல் ஞாயிறு

பத்தொன்பது வருடமாக இந்தத் தெருவில்
முன்கதவுகள் மட்டுமே எனக்குத் தெரியும்.
எந்தக் கடிதத் துளை விரலைக் கடிக்கும்,
எந்த நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும்,
எந்த வீட்டுக்கு வங்கி சிவப்பு மையில் எழுதும்,
எல்லாம் தெரியும்.
இன்று ஜூன் ஞாயிறு.
சீருடை இல்லை, தோளில் பை இல்லை.
கைகளை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

கேட்டில் மஞ்சள் காகிதம்.
மூன்று பவுண்டு கொடுத்தால்
யாரும் பின்பக்கம் போகலாம்.
வசூல் மலைமீட்புக் குழுவுக்கு.
மழை வரும் என்றார்கள், வந்தது,
ஒருவரும் குடையை விரிக்கவில்லை.
வேல்ஸில் மழைக்குப் பயந்தால்
ஒரு கல்யாணம்கூட நடக்காது.

நான்காம் எண், டெலித் பெவன்.
ஆளுயர டெல்ஃபினியம் நீலத்தில் நிற்கிறது.
ஒவ்வொரு செடியின் காலடியிலும்
ஸ்லேட் கல்லில் சாக்பீஸால் லத்தீன் பெயர்.
புல்தரையின் ஒழுங்கைப் பார்த்து
என் பூட்ஸுக்கே கூச்சம் வந்துவிட்டது.
எலுமிச்சை கேக் ஒரு துண்டு சாப்பிட்டேன்,
நன்றாக இருந்தது.
தோட்டத்திலிருந்து எடுத்துப்போக ஒன்றும் தோன்றவில்லை.

பன்னிரண்டில் ஹெட்வின்.
குவாரியில் கிரேன் ஓட்டியவர்.
குளியல் தொட்டியில் லெட்யூஸ்,
வாஷிங் மெஷின் டிரம்மில் ஸ்ட்ராபெரி,
கிழிந்த பூட்ஸில் ஏதோ ஊதாப் பூ.
"என் மண் வெறும் களிமண், இதெல்லாம் வராது"
என்று எல்லாத் தோட்டத்திலும் சொல்லிக்கொண்டு வந்த
நோட்டுப்புத்தகப் பெண்மணி
டிரம்மை மட்டும் மூன்று பக்கத்திலிருந்து வரைந்தாள்.

இருபத்தொன்று. டெக்வென் ரோஸர்.
இந்தக் கதவை நான் கொஞ்சம் மெதுவாகவே அணுகுவேன்.
ஒவ்வொரு பிப்ரவரியும் இவளுக்குச் சின்னச் சின்ன உறைகள் வரும்,
அசைத்தால் சலசலக்கும்.
மாத்திரைகள் என்று நினைத்திருந்தேன்.
ஏதோ நீண்ட நோய் என்று,
பெல்லை அழுத்தாமல்,
துளையின் மூடியைச் சத்தமில்லாமல் தாழ்த்தி,
பாவம் என்று நகர்ந்துவிடுவேன்.
பதினோரு வருடப் பரிதாபம்.

வீட்டைச் சுற்றிப் பின்னால் போனால்
அந்தச் சலசலப்பெல்லாம் எழுந்து நிற்கிறது.
கசகசாப் பூ கிழிந்த பட்டுபோல்,
சிவப்புப் பூவோடு மூங்கிலில் ஏறும் அவரை,
வேலி தெரியாமல் ஸ்வீட் பீ.
நான் தூக்கி வந்தவை.
ஒன்றுக்கும் எடை இருந்ததாக நினைவில்லை.

என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை நீட்டினாள்.
"கடிதம் இல்லை, பார்க்க வந்தேன்" என்றேன்.
நீட்டிய கையை என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.
குலுக்கிக்கொண்டோம். அவள் நகங்களில் மண்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டியிருந்தது.
கயிற்றைத் தாண்டி எட்டிப் பார்க்காமல்
தபால்காரனால் இருக்க முடியுமா?
உடைந்த தொட்டிகள், அழுகும் முட்டைக்கோஸ்,
நத்தை அரித்த நாற்றுத் தட்டுகள்,
முளைக்காமல் போனவற்றின் காலி உறைகள்
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய.
"நீங்கள் கொண்டு வருவதில் பாதி
இங்கேதான் வந்து சேருகிறது" என்றாள்,
முகம் சிவந்து.
எனக்கு அந்த மூலையை விட்டு வர மனமில்லை.
தெருவில் மீதி இரண்டு தோட்டங்களை
நான் பார்க்கவே இல்லை.

என் வீட்டுப் பின்பக்கம் இதுதான்:
மூன்று குப்பைத் தொட்டி, ஒரு துணிக்கொடி,
சுவருக்குச் சுவர் சிமென்ட் பலகைகள்.
கடப்பாரையை வைத்து ஒன்றை நெம்பினேன்.
முனகியது. இரண்டாம் முறை எழுந்தது.
அடியில் வெளிறிய மண்,
வெளிச்சத்தைக் கண்டு சுருண்ட ஒரு புழு,
யாரோ எப்போதோ தொலைத்த பட்டன்.
நாற்பது வருடம் கழித்து
அந்த இடத்தில் மழை விழுந்தது.
நான் சும்மா நின்றேன்.

சுவருக்கு மேல் இட்ரிஸின் தலை.
"நுழைவுக் கட்டணம் எவ்வளவு?"
ஐம்பது பென்ஸ் என்றேன்.
கேலி என்று நினைத்தேன்,
சட்டைப் பையைத் துழாவி, எடுத்து,
சுவரில் வைத்துவிட்டு ஏறிக் குதித்தான்.
நனைந்துகொண்டே இருவரும்
அந்தச் சதுரத்தைப் பார்த்தோம்,
கொடுத்த காசுக்கு.